பதினேழு வரிசைகள்

நான் ஈரம் அளப்பவள்.
சுவரில் இரண்டு ஊசி குத்தி
எண் வரும்வரை காத்திருப்பது என் பிழைப்பு.
புர்னோ நகராட்சி தந்த படிவத்தில்
‘கட்டடத்தின் வரலாறு’ என்ற கட்டத்துக்கு
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

முப்பத்தொன்றாம் வருஷம்
கையுறை வியாபாரி ஏர்னஸ்ட் லோவன்பைன் மனை வாங்கினார்.
வரைந்தவர் ரதோவான் பேஷெக்.
வரைபடத்தில் ஒரு பூகூட இல்லை.
தூணுக்குத் தாங்குகிற வேலை போதும் என்றாராம்.
கைப்பிடி கைக்கு, படி காலுக்கு,
மொட்டைமாடி வெயிலுக்கு.
சன்னல்கள் ரயில்பெட்டிபோல நீளவாக்கில்.
ஏழு தளமும் பொய் சொல்லாத வெள்ளை.

பொய்க்குத் தரைக்கடியில் இடம் ஒதுக்கினார்:
பதினேழு வரிசை, முந்நூற்று ஆறு நாற்காலி,
ஒரு திரை.

ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.
மனைக்கடியில் ஒரு பழைய ஆலைக்கால்வாய்;
செத்துவிட்டதாக ஆவணம் சொன்னது.
சாகவில்லை.
திறப்புவிழாவன்று முதல் வரிசையில்
மேயர் மனைவி கழற்றி வைத்த செருப்பு மிதந்தது.
ஆகவே திரைக்குப் பின்னால் ஒரு பம்பு.
பம்புக்கு ஓர் ஆள், ஹினெக் த்ராபெக்.

அவன் பதிவேடுகள் இப்போது என் மேசையில்.
எந்தப் படத்தின் பெயரும் அதில் கிடையாது.
நேரம், நீர்மட்டம், கையெழுத்து.

முப்பத்தொன்பது, மார்ச் பதினைந்து:
“பதினாறு சென்டிமீட்டர். வெளியே பனி.
மாலைக் காட்சி இல்லை.”

நாற்பத்தொன்று, நவம்பர்:
“ஒன்பது. முதலாளி இறங்கி வந்தார்.
பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
ஒரு ஜோடி கையுறை தந்தார், நல்ல தோல்.”
அடுத்த பக்கத்தில் முதலாளி என்ற இடத்தில்
வேறு மொழியில் ஒரு முத்திரை.

நாற்பத்துநான்கில் குண்டு விழுந்தபோது
தெருவே இறங்கி வந்து உட்கார்ந்தது.
டிக்கெட் கிழிக்கும் ஸ்தீஸ்லாவா
பழக்கதோஷத்தில் எல்லோருக்கும்
இருக்கை எண் கிழித்துக் கொடுத்தாள்.
ஒருவர் பின்வரிசைதான் வேண்டுமென்று அடம்பிடித்தாராம்.
மின்சாரம் போய்விட்டது. ஹினெக் கையால் இறைத்தான்.
“விடியும்வரை. நாற்பத்தொன்று.
முழங்கால் நனைந்ததற்கு யாரும்
காசைத் திருப்பிக் கேட்கவில்லை.”
மொத்தப் பதிவேட்டிலும்
அவன் சிரித்த இடம் இது ஒன்றுதான்.

பிறகு கட்டடம் மக்களுடையதாயிற்று.
வெள்ளை சாம்பலாயிற்று.
பெயர்ப்பலகை மூன்று தடவை மாறியது.
எந்தப் படம் ஓடினாலும் அடியில் பம்பின் உறுமல்,
காதலன் வாயடைத்து நிற்கும் இடத்திலும்.
ப்ராகில் அதே படத்தைப் பார்த்தவர்கள்
ஏதோ குறைகிறதே என்று திரும்பி வந்தார்கள்.

அறுபத்தெட்டு, ஆகஸ்ட், அதிகாலை:
“தரை அதிர்கிறது. பம்பை நிறுத்திப் பார்த்தேன்.
பம்பு இல்லை.”

தொண்ணூற்று மூன்றில் மொண்டெவிடேயோவிலிருந்து
லோவன்பைனின் தங்கை மகன் வந்தார்,
வக்கீலோடு, இரண்டு பெட்டி காகிதத்தோடு.
மரியாதைக்காக மாலைக் காட்சியில் உட்காரவைத்தார்கள்.
துப்பறியும் படம். பாதியில் தூங்கிப்போனார்.
விளக்கு எரிந்ததும் கேட்டார்:
“குறட்டை விட்டது நானா?”
“இல்லை ஐயா, கட்டடம்.”
இரண்டே மாதத்தில் வங்கிக்கு விற்றுவிட்டார்.
அவரைக் குறை சொல்ல நான் யார்.

வங்கிக்கு இப்போது கீழே கார் நிறுத்த வேண்டும்.
அதற்குத்தான் நான், என் ஊசிகள்.
மூன்றாம் தூணில் இருபத்திரண்டு சதவீதம்.
சரியாக அளக்க
பம்பைப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னேன்.
நிறுத்திய பையன் புகைபிடிக்க மேலே போய்விட்டான்.

பதினேழாம் வரிசையில் உட்கார்ந்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு எங்கிருந்தோ, மாவு அரைக்க நேரமாகிவிட்டதுபோல
அவசரமாக வரும் தண்ணீர்.

பத்து நிமிஷம் கடந்தும் உட்கார்ந்திருந்தேன்.
இருட்டில் சுவிட்சைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள்
ஷூவுக்குள் வந்துவிட்டது.

வரலாறு என்ற கட்டத்தில் எழுதினேன்:
மாலை ஐந்து நாற்பது. நான்கு சென்டிமீட்டர்.
இரண்டாம் வரியில் கையெழுத்து.